பாரிஸில் பெரிய ரெஸ்டாரண்டில் ஒரு வேளை சாப்பாடு: போகலாமா, எப்படிப் போவது?

கேள்வி இதுதான். அக்டோபரில் பத்தாவது திருமண நாளுக்கு ஒரு தம்பதி பாரிஸ் போகிறார்கள். ஒரே ஒரு வேளையாவது மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய பெரிய ரெஸ்டாரண்டில் சாப்பிட ஆசை. மனைவி சைவம், முட்டையும் கிடையாது. கணவர் கோழி, ஆடு, மீன் சாப்பிடுவார், மாடும் பன்றியும் தொடமாட்டார். இருவரும் குடிப்பதில்லை. "இவ்வளவு பணம் கொடுத்து அங்கே போவது வீணா, போனால் என்ன உடுத்துவது, எந்தக் கரண்டியை எடுப்பது என்று தெரியாமல் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் இரவுக்கு வேண்டாம், மதியத்துக்குப் போங்கள். சொல்லப்போவதில் மிக முக்கியமானது இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே சமையல்கட்டு, அதே செஃப், அதே பீங்கான், அதே வெயிட்டர்கள், விலை மட்டும் பல இடங்களில் பாதிக்குப் பக்கம். பாரிஸில் மூன்று நட்சத்திர இடத்தில் இரவு மெனு ஒரு ஆளுக்கு 300 யூரோவுக்கு மேல்தான் இருக்கும், 400ஐத் தாண்டுவதும் சாதாரணம். ஒரு நட்சத்திர இடங்களில் வார நாள் மதிய மெனு 50 யூரோவிலிருந்து 90 யூரோவுக்குள் தேடினால் கிடைக்கும். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் சேர்த்துப் பத்துப் பதினைந்தாயிரத்தில் முடிவதற்கும் எண்பதாயிரம், லட்சம் என்று போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. சென்னையில் நட்சத்திர ஓட்டலில் பஃபே சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு முதல் தொகை பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

மதியத்தில் இன்னொரு வசதியும் உண்டு. சாப்பாடு மூன்று மணி நேரம் போகும். இரவு எட்டரைக்கு உட்கார்ந்து பதினொன்றரைக்கு எழுந்திருப்பதென்றால், பகல் முழுக்க லூவ்ரிலும் ஈஃபிலிலும் நடந்த கால்களோடு, ஊர் நேரம் இன்னும் உடம்பை விட்டுப் போகாத நிலையில், எட்டாவது தட்டு வரும்போது கண் சொக்கும். பரிமாறும் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் நான். விடுமுறைக்கு வந்தவர்கள் டெசர்ட் வரும்போது தூக்கத்தோடு போராடுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன், பார்க்கவே பாவமாக இருக்கும். மதியம் பன்னிரண்டே காலுக்கு உட்காருங்கள், மூன்றரைக்கு எழுந்து ஸேன் நதிக்கரையில் காலாற நடங்கள். அன்றைக்கு இரவுச் சாப்பாடு தேவைப்படாது, அந்தச் செலவும் மிச்சம்.

இப்போது நட்சத்திரம் பற்றி. டயர் கம்பெனி நடத்திய மிஷ்லின் சகோதரர்கள் 1900இல் கார் வைத்திருப்பவர்களுக்காக இலவசமாக ஒரு கையேடு போட்டார்கள். ஜனங்கள் காரில் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும். 1926இல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்து, 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று படி வைத்தார்கள். ஒன்று என்றால் நல்ல சமையல், இரண்டு என்றால் வழியை விட்டு விலகியாவது போய்ச் சாப்பிடலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். பலருக்குத் தெரியாத விஷயம், இந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். பொருளின் தரம், சுவைகளின் பொருத்தம், சமையல் கைத்திறன், செஃபின் தனித்தன்மை, என்றைக்குப் போனாலும் மாறாத தரம் ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். தொங்கும் விளக்கு, வெள்ளிப் பாத்திரம், பட்டுத்திரை எதற்கும் மதிப்பெண் கிடையாது. அதனால் ஒரு நட்சத்திரம் என்று நம்பிப் போனால் மேஜை விரிப்புகூட இல்லாத, இருபது பேர் நெருக்கி உட்காரும் சின்ன இடமாக இருக்கலாம், சாப்பாடு மட்டும் அபாரமாக இருக்கும்.

உங்களுக்கு எது வேண்டும் என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். திருமண நாள், போட்டோ, அரண்மனை மாதிரி ஒரு கூடம் என்பதுதான் மனதில் இருக்கிறது என்றால் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டுகளைப் பாருங்கள். பிரான்ஸில் ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கும் மேலே 'பலாஸ்' என்று அரசாங்கமே ஒரு தகுதி கொடுக்கிறது. லே பிரிஸ்டல், ஜார்ஜ் ஃபைவ், லே மியூரிஸ் எல்லாம் அந்த வகை. பிரிஸ்டலில் 'எபிக்யூர்', ஜார்ஜ் ஃபைவில் 'லே சாங்க்', இரண்டும் பல வருடமாக மூன்று நட்சத்திரத்தோடு இருப்பவை. மேடம் உட்கார்ந்ததும் கைப்பையை வைக்கத் தனியாக ஒரு குட்டி முக்காலி கொண்டுவந்து போடும் பழக்கம் இந்த மாதிரி இடங்களில்தான். அந்த வசதியெல்லாம் பில்லிலும் இருக்கும்.

சைவம் என்று சொன்னதால் நான் உடனே நினைத்த இடம் வேறு. ஏழாவது வட்டத்தில், ரோதான் மியூசியத்துக்குப் பக்கத்தில், ரூ து வாரென்னில் இருக்கும் 'லார்ப்பேஜ்'. ஆலன் பஸ்ஸார் 1986இல் எடுத்து நடத்த ஆரம்பித்தார், 1996இல் மூன்றாவது நட்சத்திரம் வந்தது. இறைச்சி வாட்டுவதில் பேர்போன மனிதர் 2001இல் சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டுக் காய்கறிதான் இனி என்றார். பிரெஞ்சு சமையல் உலகத்தில் அப்போது அது பெரிய விஷயம். நட்சத்திரம் போய்விடும் என்றார்கள், போகவில்லை. சார்த் மாவட்டத்தில் சொந்தத் தோட்டம் போட்டார், அப்புறம் நார்மண்டிப் பக்கமும் போட்டார், ரெஸ்டாரண்டுக்கு வரும் காய்கறி அங்கிருந்துதான். பீட்ரூட்டை உப்பு மேட்டுக்குள் புதைத்து முழுசாகச் சுட்டு, மேஜைக்குக் கொண்டுவந்து உடைத்துப் பரிமாறுவது இவருடைய பேர்போன அயிட்டங்களில் ஒன்று. 2025 ஜூலையில் இன்னும் ஒரு படி போய் மீன், பால், வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். தேன் மட்டும் மிச்சம். முட்டை ஓட்டுக்குள் ஷெர்ரி வினிகரும் மேப்பிள் பாகும் சேர்த்து, சூடும் குளிருமாகக் கொடுக்கும் ஒரு முட்டைதான் அந்த இடத்தின் அடையாளம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதையும் விட்டுவிட்டார்.

அதாவது, முட்டைகூடச் சாப்பிடாத ஒருவர் மெனுவை மேலிருந்து கீழ்வரை பயமில்லாமல் சாப்பிடக்கூடிய இடம், பிரெஞ்சுச் சமையலின் உச்சியில். என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒன்று நடக்கும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. விலையும் உச்சிதான், மதியம் 260 யூரோ பக்கம், இரவு 400க்கு மேல். கூடம் சின்னது, பளபளப்பு கிடையாது, சுவரில் அவருடைய பாட்டியின் படம் மாட்டியிருக்கும். கணவருக்கு இறைச்சி இல்லாமல் மூன்று மணி நேரம் ஓடுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவரும் சரி என்றால், உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் பாரிஸில் இல்லை என்பது என் எண்ணம்.

வேறு எங்கே போவதானாலும், புக் செய்யும்போதே சாப்பாட்டு விவரத்தை எழுதிவிடுங்கள். போய் உட்கார்ந்தபின் சொன்னால் அவர்களும் என்ன செய்வார்கள்? சமையல்கட்டில் சாறுகள் முந்தின நாளே கொதித்து இறங்கியிருக்கும், டெசர்ட் காலையிலேயே அச்சில் ஊற்றியாகியிருக்கும். நாலைந்து நாள் முன்னால் தெரிந்தால் உங்களுக்கென்று தனியாக யோசித்து வைப்பார்கள், அதைச் செய்வதில் நல்ல செஃபுக்கு ஒரு பெருமையே உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் போதும், பதில் வரும். 'வெஜிடேரியன்' என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்தாதீர்கள். அங்கே அதில் முட்டை அடக்கம், சில இடங்களில் மீன்கூடப் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். 'வீகன்' என்று எழுதினால் வெண்ணெயும் கிரீமும் போய்விடும், பிரெஞ்சுச் சமையலில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பாதி சந்தோஷம் அதோடு போகும். அதனால் விரித்தே எழுதுங்கள்: பால், வெண்ணெய், கிரீம், தேன் சாப்பிடுவேன், இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின், எலும்பு கொதித்த சாறு எதுவும் கூடாது, சாஸிலும் டெசர்ட்டிலும் மதுவும் வேண்டாம்.

கடைசி மூன்றும் யாருக்கும் சட்டென்று தோன்றாதவை. காய்கறித் தட்டில் பளபளவென்று ஊற்றியிருக்கும் பழுப்பு சாஸ் பெரும்பாலும் கன்றின் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் செய்தது. பன்ன கோட்டாவும் பல மூஸ் வகைகளும் மாதிரியான டெசர்ட்டுகள் நிற்பது ஜெலட்டினால். மதுவும் அப்படித்தான், சாஸில் வெள்ளை ஒயின், டெசர்ட்டில் ரம். சீஸ் விஷயத்தில் இன்னொன்று, கோம்த்தே, ரோக்ஃபோர், ப்ரீ த மோ மாதிரி பேர்பெற்ற பழைய பிரெஞ்சு சீஸ்களில் பாலைத் திரிக்கப் பயன்படுவது கன்று மாதிரி இளம் விலங்குகளின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் அதையும் அந்த மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

கணவருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாடு வேண்டாம் என்றால் 'பஃப்' வேண்டாம் என்பதோடு 'வோ'வும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வோ என்றால் கன்று. மெனுவில் அது தனி இறைச்சியாகவே நிற்கும், பரிமாறுகிறவரும் அதை மாடு என்று நினைக்க மாட்டார். 'ரீ த வோ' என்று ஒன்று பெரிய ரெஸ்டாரண்டுகளில் அடிக்கடி வரும், கன்றின் கழுத்துப் பக்கச் சுரப்பி அது. பிரெஞ்சில் அரிசியையும் 'ரீ' என்றுதான் உச்சரிப்பார்கள், அதனால் அரிசி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் வேகும் பதம். வாத்தும் புறாவும் உள்ளே ரோஜா நிறத்தில்தான் வரும், ஆட்டுக்கறியும் அப்படித்தான். நம்மூரில் எலும்பிலிருந்து கறி கழன்றுவரும் அளவுக்கு வேகவைத்துச் சாப்பிட்டவருக்கு அது பச்சையாகத் தெரியும். ஆர்டர் எடுக்கும்போதே 'பியான் க்வீ' என்று சொல்லலாம், நன்றாக வெந்தது வேண்டும் என்று அர்த்தம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் என் யோசனை, அவர் கோழி கேட்கட்டும். மெனுவில் 'ப்ரெஸ்' என்று ஊர்ப்பேர் போட்ட கோழி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லுங்கள். வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால், அவர்கள் கொடியின் மூன்று நிறமும் அதன் உடம்பில் இருக்கும். 1957லிருந்து சட்டப் பாதுகாப்பு உள்ள பேர், புல்வெளியில் மேய்ந்து வளர வேண்டும் என்று விதி. கோழிக்கு இவ்வளவு ருசி உண்டா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும். கதவைத் திறந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். சிரித்துக்கொண்டு நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் அந்த மேஜையின் மேல் எல்லோருக்கும் ஒரு பிரியம் வந்துவிடும். பிரான்ஸில் அதைச் சொல்லாமல் நேராகப் பேச்சை ஆரம்பிப்பது மரியாதைக் குறைவு, டூரிஸ்டுகள் பலர் வெயிட்டர் சிடுசிடுத்தார் என்று சொல்வதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. கோட்டை வாங்கி மாட்டுவார்கள், நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஒரு தள்ளுவண்டி வரும். பனிக்கட்டிக்குள் நாலைந்து ஷாம்பெய்ன் பாட்டில்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். "ஆரம்பத்துக்கு ஒரு கிளாஸ் ஷாம்பெய்ன்?" என்று கேட்பார்கள், கேட்கும் விதத்தில் வரவேற்பின் ஒரு பகுதி மாதிரியே இருக்கும். அதற்குத் தனிக்காசு, கிளாஸுக்கு இருபத்தைந்து, முப்பது யூரோ, சில இடங்களில் அதற்கும் மேல். விலையை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் கேட்கலாம். நீங்கள் குடிப்பதில்லை என்பதால் "நாங்கள் மது எடுப்பதில்லை, மது இல்லாமல் என்ன இருக்கிறது?" என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். இப்போது நிறைய இடங்களில் ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமாகப் பழச்சாறு, டீ, கொம்புச்சா என்ற புளிக்கவைத்த டீ என்று வரிசையாகக் கொடுக்கிறார்கள். எல்லாத் தட்டுக்கும் எடுக்காமல் ஓரிரண்டு கிளாஸ் மட்டும் வாங்கிப் பாருங்கள். தண்ணீருக்கு 'யூன் கராஃப் தோ' என்று சொல்லுங்கள், குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் கூஜாவில் கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பாட்டோடு அது இலவசம் என்பது பிரான்ஸில் சட்டம், மூன்று நட்சத்திர இடத்துக்கும் சேர்த்துத்தான். பாட்டில் தண்ணீர் என்றால் பத்து யூரோ எழுதிவிடுவார்கள்.

நீங்கள் எதுவும் ஆர்டர் செய்யாமலே ஒரு வாய் அளவில் இரண்டு மூன்று சின்னப் பண்டம் வரும், அது மெனுவின் விலையில் அடக்கம். ரொட்டியும் வெண்ணெயும் வரும். வெண்ணெயை அலட்சியம் செய்யாதீர்கள், பிரான்ஸின் பிரித்தானி பகுதியிலிருந்து வரும் உப்பு வெண்ணெயும் அந்த ரொட்டியும் இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் பசியில் ரொட்டியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் பின்னால் இடம் இருக்காது. சாஸ் மிச்சமிருந்தால் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடலாம், சமையல்கட்டுக்குத் துடைத்த தட்டு திரும்பி வந்தால் அங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

கரண்டி விஷயத்தில் பயமே வேண்டாம். வெளியே இருப்பதிலிருந்து உள்ளே போங்கள். அநேக இடங்களில் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அந்தத் தட்டுக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்து வைப்பார்கள், தவறாக எடுக்க வழியே இல்லை. முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்துத் தட்டில் சாய்த்து வையுங்கள், எடுத்துப்போக அதுதான் சைகை. இருவரில் ஒருவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மற்றவர் தட்டை எடுக்க மாட்டார்கள், மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

நம்மவர்களுக்கு உண்மையில் சிரமம் தருவது கரண்டி இல்லை, காத்திருப்பு. நம் இலையில் கூட்டு, பொரியல், பச்சடி, அப்பளம் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும், எதை எதோடு சேர்ப்பது என்பது சாப்பிடுகிறவர் கையில். பிரெஞ்சுப் பணக்கார விருந்துகளும் ஒரு காலத்தில் மேஜை நிறைய ஒன்றாகப் பரப்பி வைத்தவைதான். ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகக் கொண்டுவரும் ரஷ்ய முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வேரூன்றியது. எதை முதலில் சாப்பிடுவது, எதோடு எது என்பதையெல்லாம் அப்போதிலிருந்து செஃப் முடிவு செய்கிறார், அவர் போட்ட வரிசைக்குத்தான் பாதி விலை. புளிப்பு எங்கே, கனமானது எங்கே, வாயைச் சுத்தம் செய்ய ஒரு குளிர்ந்த துளி எங்கே என்று யோசித்து அடுக்கியிருப்பார். தட்டு வரும்போது இது என்ன என்று விளக்குவார்கள், புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். கேட்கிற விருந்தாளியைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு கவளத்தையும் போனில் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடு ஆறிவிடும், தட்டுக்கு ஒரு படம் எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள். பக்கத்து மேஜைக்காரர் முகத்தில் ஃபிளாஷ் மட்டும் அடிக்கக் கூடாது.

அக்டோபர் நல்ல மாதம். ஆகஸ்டில் நிறைய நல்ல இடங்கள் மூடிக்கிடக்கும், அக்டோபரில் எல்லாம் திறந்திருக்கும், காட்டுக் காளான், பூசணி, கஷ்கொட்டை எல்லாம் வரும் நேரம். சைவத்துக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. கூடவே மண்ணுக்குள் விளையும் வாசனைக் காளானான வெள்ளை ட்ரஃபிள் இத்தாலியிலிருந்து வந்து இறங்கும். ஒருவர் கண்ணாடி மூடிக்குள் அதை வைத்து உங்கள் மேஜைக்குக் கொண்டுவந்து மணக்கவைத்து, மேலே கொஞ்சம் சீவட்டுமா என்பார். அந்த வாசனைக்குத் தலை தானாக ஆடும். சீவினால் மெனு விலைக்கு மேல் தனியாகச் சேரும், ஐம்பது யூரோவும் ஆகலாம், நூறும் ஆகலாம். எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுங்கள். மெனுவில் 'சப்ளமோன்' என்று சின்ன எழுத்தில் இருப்பவை எல்லாம் இந்த ரகம். காப்பிக்கும் சில இடங்களில் தனிக்காசு.

பில் தானாக வராது. கொண்டுவந்து வைத்தால் கிளம்பச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று அங்கே நினைப்பார்கள். 'லாதிஸியோன், சில் வூ ப்ளே' என்று கேட்க வேண்டும். வரியும் சேவைக் கட்டணமும் மெனு விலையிலேயே அடக்கம், நம்மூர் மாதிரி கீழே மூன்று வரி கூடாது. டிப்ஸ் கட்டாயமில்லை. மனம் நிறைந்திருந்தால் பத்து, இருபது யூரோ நோட்டு ஒன்றை வைத்துவிட்டு வரலாம், வைக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கார்டு மெஷினில் டிப்ஸ் எவ்வளவு என்று சதவீதம் கேட்டால் தயங்காமல் 'இல்லை' என்பதை அழுத்துங்கள். கிளம்பும்போது அன்றைய மெனுவை அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், திருமண நாள் என்று முன்பே எழுதியிருந்தால் பெரும்பாலும் தாங்களாகவே உறையில் போட்டுத் தருவார்கள்.

உடை பற்றி நிறையக் கவலைப்பட்டிருந்தீர்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போங்கள். பாரிஸின் எந்தப் பெரிய கூடத்திலும் காஞ்சிப் பட்டுக்கு மேல் கம்பீரமான உடை கிடையாது, இதை மனதாரச் சொல்கிறேன். அக்டோபர் குளிருக்கு மேலே ஒரு நல்ல கோட்டு மட்டும் வேண்டும். அவருக்கு முழுக்கை சட்டை, நல்ல பேண்ட், தோல் ஷூ, கையில் ஒரு பிளேஸர். பிளேஸர் கட்டாயம் என்று சொல்லும் இடங்கள் இப்போது குறைவு, ஆனால் போட்டுக்கொண்டால் தானாக நிமிர்ந்து உட்காருவார். அரைக்கால் சட்டை, ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம். சென்ட் கொஞ்சமாகப் போடுங்கள், அடுத்த மேஜைக்காரருக்குத் தன் தட்டின் மணம் தெரிய வேண்டும்.

இவ்வளவு விலை நியாயமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேல்மட்ட ரெஸ்டாரண்டில் ஒரு வேளைக்கு வரும் விருந்தாளிகள் எத்தனை பேரோ, ஏறத்தாழ அத்தனை பேர் அங்கே வேலை பார்ப்பார்கள். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், மாவுப் பண்டத்துக்கு ஒருவர் என்று பழைய பிரெஞ்சு சமையல் மேதை எஸ்கோஃபியே வகுத்த முறை இன்னும் அப்படியே ஓடுகிறது. ஒரு மேஜையை ஒரு வேளைக்கு ஒரே ஒரு தடவைதான் விற்பார்கள், உங்களை எழுப்பிவிட்டு அடுத்தவரை உட்காரவைக்க மாட்டார்கள். பணம் போவது ஆட்களுக்கும் அந்த நேரத்துக்கும். அந்த ஆட்களில் நம்மவர்களும் உண்டு. 1980களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் பாரிஸ் சமையல்கட்டுகளில் பாத்திரம் கழுவும் இடத்தில் தொடங்கி, காய் நறுக்கி, அடுப்புக்கு வந்து, பலர் செஃபாகவே நிற்கிறார்கள். கூடத்தில் ஒரு தமிழ் முகமும் தெரியாது, ஆனால் பின்கதவு வழியாகப் போனால் "அண்ணே, அந்தப் பெரிய சட்டியை இங்கால தாங்கோ" என்று கேட்கும் இடங்கள் நிறைய. நீங்கள் தமிழ் பேசுவது காதில் விழுந்து யாராவது உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள், வணக்கம் சொல்லுங்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிற மனிதருக்கு அது பெரிய விஷயம்.

புக்கிங். மூன்று நட்சத்திரம் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே, ஒரு நட்சத்திர மதியம் என்றால் மூன்று நாலு வாரம் முன்பு. சனி, ஞாயிறு மூடும் இடங்கள் நிறைய என்பதால் செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் நாள் பாருங்கள். வெப்சைட்டில் கார்டு விவரம் கேட்பார்கள், வராமல் போனால் பிடித்துக்கொள்ள. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள், ஓடிபி வரும் சிம் பயணத்திலும் வேலை செய்யட்டும். வர முடியாவிட்டால் 48 மணி நேரம் முன்னால் ரத்து செய்துவிடுங்கள், விதி இடத்துக்கு இடம் மாறும், புக் செய்யும்போதே படித்துவிடுங்கள். மெட்ரோ நின்று பத்து நிமிடம் தாமதம் என்றாலும் ஒரு போன் போடுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு பாரிஸிலேயே உள்ள 'கார் த லியோன்' ரயில் நிலையத்துக்குள் இருக்கும் 'லே ட்ரெய்ன் ப்ளூ'வுக்குப் போங்கள். 1901இல் திறந்த கூடம், கூரை முழுக்கத் தங்க வேலைப்பாடும் ஓவியமும். கீழே ரயில்கள் நிற்கும், மேலே வெள்ளை மேஜை விரிப்பு. சாப்பாடு நட்சத்திரத் தரம் இல்லை, ஆனால் அந்தக் கூடத்தில் புடவையோடு எடுக்கும் படம் வாழ்நாளுக்கு நிற்கும். பட்ஜெட் இடிக்காமல், கணவருக்காக மட்டும் யோசித்தால் நோத்ர்தாம் தேவாலயம் தெரியும் ஜன்னலோரத்தில் 'லா தூர் தார்ஜோன்'. 1890லிருந்து பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் எண் போட்டு, அந்த எண் உள்ள அட்டையை விருந்தாளியிடம் கொடுக்கிறார்கள், 2003இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அதன் சாஸில் வாத்தின் ரத்தம் சேரும், அதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

மீதி நாட்களில் ஒரு காலை இருபதாவது வட்டத்தில் தர்ஷன் செல்வராஜாவின் பேக்கரிக்குப் போய் ஒரு பகெத், அதாவது நீளமான பிரெஞ்சு ரொட்டி, வாங்குங்கள். இலங்கையிலிருந்து வந்தவர், 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் பரிசை வாங்கி, ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுத்தவர். பாரம்பரிய பகெத்துக்கு அடிப்படை மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட்தான், முட்டை, பால் எதுவும் கிடையாது. சூடாக வாங்கி நடந்துகொண்டே பிய்த்துச் சாப்பிடலாம், விலை இரண்டு யூரோவுக்குள்.

எந்தத் தேதி, ஆளுக்கு எவ்வளவு வரை போகலாம், லார்ப்பேஜுக்குக் கணவர் சம்மதமா என்று எழுதுங்கள். அந்த வாரத்தில் எந்தெந்த இடம் மதியம் திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.